வலது காலா, இடது காலா

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், அதையும் எழுது என்றேன்.

என் பேத்தி காலேஜில் படிக்கிறாள். மும்முறை தாண்டுகிற விளையாட்டு அவளுக்கு. ஓடி வந்து ஒரு வெள்ளைப் பலகையில் இடது காலை ஊன்றி எழும்புவாள். அதே இடது காலில் இறங்கி மறுபடி எழும்புவாள். அப்புறம் வலது காலில் இறங்கி, எழும்பி, மணலில் போய் விழுவாள். தளியில் ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில் நாங்களும் வாய்க்கால் தாண்டியிருக்கிறோம், ஒரே தாவல்தான். நடுவில் எதற்கு இரண்டு தரம் தரையைத் தொட வேண்டும்? கேட்டால், "அதான் ஆயா ஆட்டமே" என்பாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தியா டீமில் முதல் தடவையாக அவள் பேர் வந்தது. கூடவே குதிகாலில் வலியும் வந்தது. வலி போய்விட்டது என்று தாண்டிக் காட்டி வீடியோ அனுப்ப வேண்டுமாம். மூன்று தரம்தான் தாண்டலாம். சரியாக வராவிட்டால் போட்டிக்கு வேறொரு பெண் போவாள்.

வீடியோ எடுக்கிற அன்றைக்கு நானும் மூக்கண்டப்பள்ளியிலிருந்து அவளோடு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் கம்பெனி பஸ். ஒரு ஜன்னலில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போனாள், நைட் ஷிப்ட் போலிருக்கிறது, பாவம். எங்கே விட்டேன்? ஆமாம், கிரவுண்டில் இறங்கும்போது சொன்னேன்:

"கண்ணு, நல்ல காரியம். வலது காலை எடுத்து வெச்சு ஓடு."

"சரி ஆயா."

முதல் தரம் ஓடி வந்தாள். தாண்டவே இல்லை, பலகையை மிதித்துக்கொண்டு மணலுக்குள் ஓடிவிட்டாள். இரண்டாம் தரம் பலகைக்குப் பக்கத்தில் தடுமாறி, கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். அதுவும் போச்சு.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கோச் போனை இறக்கிவிட்டு வந்தார். அவர் கர்நாடகாப் பக்கத்து ஆள், ஆயாவை அஜ்ஜி என்பார்.

"ஏனாயித்தும்மா? வலிக்குதா?"

"இல்ல சார்." என்னைப் பார்த்தாள். "ஆயா வலது கால் எடுத்து வெச்சு ஓடச் சொல்லுச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ அஜ்ஜி! இவ எப்பவும் இடது கால் எடுத்துத்தான் ஓடுவா. ஆரம்பத்துல மாத்துனா பலகையில கால் மாறிடும்."

"அப்படியா! அங்க வெக்கிற காலு இங்கயே முடிவாயிடுதா?" எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம்தான் பேத்தி மேல் கோபம் வந்தது. "நான் சொன்னா கெணத்துலகூட குதிப்பியாடி?"

"நீ சொல்லிட்ட. செய்யலன்னா எனக்கு மனசு அதுலயே நிக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

இடதில் ஓடினால் மனசு கெடும், வலதில் ஓடினால் பலகை கெடும். மிச்சம் ஒரே ஒரு தரம். ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன்.

"ஏம்பா, ஓடுறதுக்கு முன்னாடி அந்த டேப்புக்கிட்ட வந்து நிக்கணுமே, அதுக்கு எந்தக் காலு?"

"அது எதுவா இருந்தா என்ன அஜ்ஜி?"

"அப்ப அங்க வலது காலை வெச்சு வந்து நிக்கட்டும். காரியம் அங்கயே ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் எந்தக் கால்ல ஓடுனா என்ன?"

"சாமி ஒத்துக்குமா ஆயா?"

"அத நான் பேசிக்கிறேன், நீ போடி."

சிரித்துக்கொண்டே போனாள். வலது காலை வைத்து டேப்பில் நின்றாள். மூச்சை இழுத்தாள். இடது காலில் கிளம்பினாள். பலகையில் டப்பென்று ஒரு சத்தம், இன்னொன்று, இன்னொன்று, மணல் பறந்தது. கோச் ஓடிப்போய் அளவு டேப் பிடித்து அளந்தார். இரண்டு கையையும் தூக்கினார்.

"ஆயித்து அஜ்ஜி! இவளே போறா!"

நான் போய் அந்த மணலைத் தொட்டுப் பார்த்தேன். சன்னமாக, சூடாக இருந்தது.

"ஏண்டி, நீ போற ஊர்லயும் மணல் இப்படித்தான் இருக்குமா?"

"தெரியல ஆயா. பாத்துட்டுச் சொல்றேன்."

"சொல்றதெல்லாம் வேணாம். ஒரு பிடி எடுத்துட்டு வா."

"எடுக்கவே வேணாம், அதுவா வரும்" என்று ஷூவைக் கழற்றி என் கையில் கவிழ்த்தாள். ஒரு பிடி மணல் கொட்டியது.