திருத்தக் கொடுத்த போன் அளித்த வாக்கு

திருத்தக் கொடுத்திருந்த போனை இன்று காலை வெள்ளவத்தைக் கடையில் திரும்ப வாங்கினேன். கடை வாசலிலேயே திறந்தால் ஒரு குறுஞ்செய்தி: சிறந்த நடிகைக்கு நான் வாக்களித்ததற்கு நன்றியாம்.

இன்றிரவு தொலைக்காட்சியில் வரப்போகும் திரைப்பட விருது விழா. மக்கள் குறுஞ்செய்தியில் அனுப்பும் வாக்குத்தான் முடிவு. நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மறைக்கவே இல்லை.

"ஓம் அண்ணே, நான்தான் போட்டனான். கொட்டாஞ்சேனையில இருக்கிற என்ர தங்கச்சியின்ர மகள்தான் அந்த நடிகை. முதல் படம்."

"என்ர போனிலயிருந்தோ?"

"உங்கட மட்டுமில்ல, திருத்த வாற எல்லாப் போனிலயும் ஒவ்வொண்டு. மெசேஜ் போகுதோ எண்டு டெஸ்ட் பண்ணத்தானே வேணும்?"

அவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் போன்கள்.

"பேப்பரில போட்டுடாதேங்கோ அண்ணே. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

முப்பது வருடம் பத்திரிகையில் தேர்தல் செய்தி எழுதியவன் நான்; அது அவருக்கும் தெரியும். இப்படியொரு வாக்களிப்பு நிலையத்தைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே நடித்திருக்கிறாள். கேட்டிருந்தால் நானே வாக்களித்திருப்பேன். இன்றிரவு அவள் வென்றால் கைதட்டுவதா, செய்தி எழுதுவதா என்று இன்னும் தெரியவில்லை.

அண்மையில் வெள்ளவத்தையில் போன் திருத்தியவர்கள் குறுஞ்செய்திகளை ஒருமுறை பாருங்கள். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.