அம்மா வந்திருக்கா

பூமாரி கவலைக்குக் காரணம் தேடி அலைகிறவள் அல்ல. காரணங்களே அவள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு தாராவிக்கு வந்துவிடும். அறுபத்தைந்தாம் வருடம், ஹோலி முடிந்து வரும் சனி ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூனாவுக்குப் போகலாம் என்று அவள் புருஷன் வேலுச்சாமி சொன்ன நிமிஷமே அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் பிள்ளை கை நழுவிப் போனால்? மலையில் ரயில் குகைக்குள் போகுமாமே, ஐந்து வயதுப் பிச்சை பயந்துகொள்வானோ? ஒன்பது வயது தங்கமயில், சனிக்கிழமை சனிவார் வாடா கோட்டை, ஞாயிற்றுக்கிழமை பர்வதி மலை என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதியே வைத்துவிட்டாள். யானை முட்டாமலிருக்கக் கோட்டைக் கதவில் முழம் முழமாக ஆணி அடித்திருக்கிறார்கள் என்று அவள் வாசித்ததும், அந்த ஆணி பிச்சையைக் குத்திவிடுமே என்று அதற்கும் ஒரு பாடு கவலைப்பட்டாள் பூமாரி.

தங்குவதற்கு அவளுடைய அக்கா சண்முகவடிவின் வீடு இருந்தது. பூனாவை ஒட்டி, கிர்க்கியில். அக்கா ஏதாவது சொல்லிவிட வேண்டுமென்றால் முகம்மது ஹனீப்பிடம் சொல்லிவிடுவாள். அவர் கிர்க்கி வழியாகத் தோல் ஏற்றிக்கொண்டு, வேலுச்சாமி வேலை பார்க்கிற தாராவித் தோல் ஷாப்புக்கு லாரி ஓட்டுகிறவர்; தமிழ் தெரியாது, இந்திதான்.

வியாழக்கிழமை ஹனீப் வந்தார். யாரோ பூசிய ஹோலிச் சாயம் காதோரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாபி, உங்க அக்கா சொல்லச் சொன்னாங்க. கர் மே மா ஆயி ஹை."

வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள். பூமாரி அரித்துக்கொண்டிருந்த அரிசியை அப்படியே கீழே வைத்தாள்.

"மேரி மா?" என்றாள். என் அம்மாவா?

பின்னே யாருடைய அம்மா என்று ஹனீப் சிரித்தார். அக்கா வேறு எதுவும் சொல்லவில்லையாம். இதை மட்டும் மறக்காமல் சொல்லு என்று இரண்டு தடவை சொன்னாளாம்.

பூமாரியின் அம்மா அவளோடு பேசி ஐந்து வருடமாகிறது. அப்பா செத்த தந்தி வந்த அன்று பூமாரிக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. பிச்சை பிறந்தான். அவனுக்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை என்றுதான் அந்தப் பெயரே வைத்தது. இதையெல்லாம் எழுதிப் போட்டும் அம்மா இறங்கவில்லை. பெத்த அப்பன் மொகத்தைப் பாக்க வராதவ எனக்கு மவளே இல்ல என்று சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி பூனா வரைக்கும் வந்திருக்கிறாள்.

"ஏளா, உங்கம்மை வாரதா இருந்தா உங்கக்கா ஒரு கார்டு போட்டிருக்க மாட்டாளா?" என்றான் வேலுச்சாமி.

"போடாதன்னு அம்மா சொல்லியிருப்பா. அவ வீம்பு ஒங்களுக்குத் தெரியாதா? பிள்ளையைப் பாக்கணும்னு இருக்கும், வாய் விட்டுச் சொல்ல மாட்டா."

மனுஷிக்கு ஒன்று வேண்டும் என்று இருந்துவிட்டால், அதற்குத் தோதாகக் காரணம் சொல்ல எங்கிருந்துதான் புத்தி வருமோ.

அதன்பின் சனிவார் வாடாவையும் பர்வதி மலையையும் யார் நினைத்தார்கள்? இரண்டு நாளும் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தினாள். இரண்டும் வாயைத் திறந்தால் இந்திதான் வரும். பிள்ளைகளை இந்திக்காரனாக்கி வச்சிருக்கியே என்று அம்மா முதல் வார்த்தையிலேயே கேட்டுவிட்டால்? பிச்சையைச் சுவரோரம் நிறுத்திப் பாட்டிக்கென்று கைகூப்ப வைத்தாள்.

"சொல்லுல. கும்புடுதேன் ஆச்சி."

"நமஸ்தே ஆச்சி."

"நமஸ்தே இல்லல! கும்புடுதேன்."

நூறு தடவையாவது சொல்லியிருப்பான். வெள்ளிக்கிழமை தூக்கத்திலும் சொன்னான். அம்மாவுக்கென்று மாட்டுங்காவுக்குப் போய்க் காப்பிப்பொடி வாங்கி வந்தாள் பூமாரி. அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது, பிள்ளையை மட்டும் தூக்கிவிட்டுத் தன்னோடு பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ரயிலிலும் அதே யோசனைதான். குகை வந்தபோது பிச்சை பயப்படவில்லை. ஓவென்று கத்திச் சந்தோஷப்பட்டான். பூமாரிக்கு அது காதிலேயே விழவில்லை.

கிர்க்கியில் இறங்கி நடந்தார்கள். அக்கா வீட்டுச் சந்து திரும்பியதும் பூமாரியின் கால் நின்றுவிட்டது.

வாசல் நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது.

அவர்கள் ஊரில் அந்த நோயை யாரும் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். அம்மா வந்திருக்கா என்பார்கள். வராதே என்றும் வாயால் சொல்லக்கூடாது; அம்மன் இருக்கிற வீட்டில் அது மரியாதைக் குறைவு. கேட்கிறவர்கள் தாங்களே புரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்வார்கள். சண்முகவடிவும் முறைப்படிதான் சொல்லிவிட்டாள். என்ன, தனக்குத் தெரிந்த இந்தியில் அம்மாவை மா ஆக்கிவிட்டாள். மா என்றால் ஹனீப்புக்குப் பெற்ற தாய்தான்.

ஜன்னலுக்கு உள்ளே அக்கா எழுந்து வந்தாள். தலையில் எண்ணெய் இல்லை, முடி பரட்டையாகக் கிடந்தது. பிச்சை அவளைப் பார்த்தான். இவள்தான் ஆச்சி என்று முடிவு கட்டிவிட்டான். அம்மா கையை உதறிவிட்டு, "கும்புடுதேன் ஆச்சி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

பூமாரி பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்தது. பிள்ளையின் ஒரு கால் அதற்குள் வாசல்படியில் ஏறியிருந்தது.

"ஏட்டி, அம்மா வந்திருக்கான்னு சொல்லி விட்டேனே! பிள்ளையளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கியே!" என்று அலறினாள் அக்கா. அவள் மகளுக்கு முத்துப் போட்டு அன்றைக்கு ஆறாம் நாள்.

"நம்ம அம்மான்னுல்லாக்கா நெனச்சேன்," என்றாள் பூமாரி.

 சண்முகவடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவ எங்கட்டி வருவா? முட்டுவலியில தெரு முக்குக்கே போக முடியல," என்றாள். "போன மாசம் கார்டு போட்டிருந்தா. பூமாரி மவன் யாரு சாடைன்னு ஒரு வரி கேட்டிருந்தா. ஒனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள இப்பிடி ஆயிட்டு."

ஐந்து வருடத்தில் முதல் வரி. பூமாரி நடுத்தெருவில் நின்று விம்மி விம்மி அழுதாள். அம்மா வரவில்லையே என்று அழுதாளா, அம்மா கேட்டாளே என்று அழுதாளா, பிள்ளையை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டோம் என்று அழுதாளா, அவளுக்கே தெரியாது. காப்பிப்பொடியைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பம்பாய்க்குச் சாயங்காலம்தான் ரயில். தங்கமயில் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்ததால் வேலுச்சாமி எல்லோரையும் சனிவார் வாடாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆணியெல்லாம் உசரத்தில் இருந்தது, பிச்சைக்கு எட்டாது. பக்கத்துத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவைப் பார்த்ததும் பூமாரி நின்றாள். பட்டன் போன சட்டையோடு பிச்சையை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே அவன் கேமராவைப் பார்த்துக் கைகூப்பினான்.

போட்டோவை ஹனீப்தான் அடுத்த வாரம் வாங்கி வந்து கொடுத்தார். அவரும் பாவம், ஒரு வார்த்தையால் இவ்வளவா என்று நூறு தடவை மாஃபி கேட்டார். கவரும் ஸ்டாம்பும் தயாராக இருந்தும் பூமாரி அதை அனுப்பவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். பிள்ளைக்குத் தொற்றியிருக்கிறதா என்று மூணு வாரம் பார்க்கணும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அம்மை ஊசி போடுகிறவர்கள் போன வருடம் வந்தபோது, பிள்ளைக்குச் சளி என்று அவளேதான் திருப்பி அனுப்பியிருந்தாள். அதை நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். தினம் விடிந்ததும் பிச்சையை வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, வயிறு, காதுக்குப் பின்னால் என்று தடவிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் கழுத்தில் ஒரு சிவப்பைக் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது மூட்டைப்பூச்சி கடித்த தடம். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அந்தப் போட்டோவை எப்படி அம்மாவுக்கு அனுப்ப முடியும்?

இருபத்திரண்டாம் நாள் காலையில் பிச்சையைத் தலையிலிருந்து கால் வரை இரண்டு தடவை பார்த்தாள். அவன் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டு நெளிந்தான். டின்னை நகர்த்திப் போட்டோவை எடுத்தாள். ஊரில் ஐந்தாம் கிளாஸ் வரை படித்த எழுத்து. பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்.

"அம்மா, இவந்தான் பிச்சை. நல்லா இருக்கான்."