ஒரு காக்கைக்காக அபிராமபுரத்திலிருந்து நொச்சிக்குப்பம் வரை

போன மாதம் அப்பாவின் திதி. பிண்டச் சோற்றைக் காக்கை எடுத்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். அபிராமபுரத்தில் எங்கள் அடுக்குமாடி மொட்டைமாடியில் நின்று இருவரும் ஒரு மணி நேரம் "கா, கா" என்று கத்தினோம். வந்ததெல்லாம் புறா. அம்மா முந்தானையை வீசி விரட்ட விரட்ட மறுபடி வந்து சோற்றருகே இறங்கின.

காக்கை எப்படி வரும்? வாசல் வேப்பமரத்தைத்தான் வெட்டித் தள்ளியாயிற்றே! காரின் மேல் எச்சம் விழுகிறதாம். எங்கள் அசோசியேஷன் செயலாளர் செய்த உபகாரம். காக்கையைத் துரத்திவிட்டு, ஏ.சி. பெட்டி இடுக்கெல்லாம் புறாவுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

மணி ஒன்றரை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "காக்கா எடுக்காம நான் எப்படிடா வாயில வெப்பேன்? அப்பா பட்டினியா நிக்கறாப்ல இருக்கு" என்றாள். சோற்றை வாழையிலையில் மடித்துக்கொண்டு அவளோடு ஆட்டோ ஏறினேன்.

முதலில் அடையாறு, மூன்று கிலோமீட்டர். நிழலான தெரு என்று நம்பிப் போனால், கால்வாய் தோண்டுகிறேன் என்று வேரை அறுத்து, மரமெல்லாம் பட்டுப்போய் நிற்கிறது. பால்கனியிலிருந்து ஒருவர் புறாவுக்குக் கம்பு கொட்டிக்கொண்டிருந்தார். புண்ணியமாம்!

"இன்னா சார், காக்காவா தேடிக்கினு கீறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். "நொச்சிக்குப்பம் போலாம், மீன் விக்கற எடத்துல நெறைய கீது."

மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற அம்மா, "போப்பா" என்றாள்.

இன்னும் நாலு கிலோமீட்டர். அங்கே கூட்டம் கூட்டமாகக் காக்கை. ஆனால் எல்லாம் மீன் குடலைச் சுற்றித்தான். எங்கள் சோற்றை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் விற்ற பெண் இலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஊட்டாண்ட இருக்கிற மரத்தயெல்லாம் வெட்டிட்டு, காக்காவுக்கு மட்டும் இங்க வந்துடுங்க!" என்று திட்டிக்கொண்டே குடல் கூடையைச் சாக்கால் மூடினாள். சற்று நேரத்தில் ஒரு காக்கை தத்தி வந்து ஒரு வாய் எடுத்தது. அம்மா அழுதுவிட்டாள். அங்கேயே வாழைப்பழம் வாங்கி உரித்து அவள் கையில் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அடையாறுக்கெல்லாம் அலையாதீர்கள், நேரே நொச்சிக்குப்பம் போங்கள். காத்திருப்போடு ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் ஆயிற்று. சர்க்கரை இருப்பவர்களுக்குக் கையில் பழம் அவசியம். ஒரு காக்கைக்கு ஆட்டோ வைத்துப் போகிற ஊராக்கிவிட்டோமே, சீ!

திரும்பி வந்தபோது செயலாளர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"அடுத்த வாரம் எங்காத்துலயும் திதி. நம்மாத்து மாடிக்குக் காக்காவே வரமாட்டேங்கறது. இலையோட கெளம்பிப் போனேளே, உமக்கு எங்க கெடச்சுது?"

வேப்பமரத்தின் அடிக்கட்டையைக் காட்டினேன்.

"இங்கதான் ஓய் இருந்தது."