ஜெயமணியின் ஏழாம் பக்கம்

1. 2006 மார்ச்: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படித்த ஜெயமணியின் கட்டுரைக்கு மதிப்பெண் போடாமல், 'முறைகேடு' என்று எழுதித் தேர்வு முடிவை ரத்து செய்தீர்கள்.

2. 2006 ஜூன்: அவர் கைப்பட எழுதி அனுப்பிய விளக்கக் கடிதத்துக்குப் பதில் இல்லை.

3. 2006 ஆகஸ்ட்: தவறு என்னுடையது என்று நான் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை உங்கள் முத்திரையோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

4. நேற்று காலை: ஜெயமணி இறந்துவிட்டார். மாரடைப்பு. இதற்கு நீங்கள் பொறுப்பல்ல. மற்ற மூன்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அஞ்சலியை இப்படித் தொடங்கக்கூடாதுதான்... ஆனால் வேறு விதமாகத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதைப் படிக்கிற தேர்வுப் பிரிவினருக்குத் தாங்கள் யார் என்பது தெரியும்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், ஜெயமணி செக்கிங் சூப்பர்வைசர். 2004இல் இருவரும் ஒன்றாக விண்ணப்பம் வாங்கி ஒரே படிப்பில் சேர்ந்தோம்.

நான் கல்லூரிக்குப் போய் பி.காம். படித்தவன். அதனால் எனக்குக் கட்டுரை எழுத வரும் என்று நம்பியிருந்தேன். முதல் கட்டுரையை ஒரு மதிய இடைவேளையில் பெருமையோடு அவரிடம் நீட்டினேன்.

செக்கிங் மேசையில் துணியில் பழுது கண்டால், அந்த இடத்தில் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். என் கட்டுரை திரும்பி வந்தபோது முதல் பக்கத்திலேயே பதினொரு அம்புகள்.

“என்னங்க அம்மிணி இது? பனியன் பீஸுன்னு நெனச்சிட்டீங்களா?”

“பீஸா இருந்தா ரிஜெக்டுங்ணா. கட்டுரைங்கறதால ஆல்ட்ரேஷனோட விட்டிருக்கறன்.”

மேசையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“‘காலங்காலமாக மனிதன்’னு ஆரம்பிச்சிருக்கறீங்க. எந்தக் காலமுங்க? எந்த மனுசன்? நீங்க போய்ப் பாத்தீங்களா, இல்ல ஆராச்சும் பாத்துச் சொன்னாங்களா?”

கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. சொன்னது யார், எதை வைத்துச் சொன்னார், மறுத்துப் பேசுகிறவர் என்ன சொல்வார்... இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வரி எதுவாக இருந்தாலும் அம்பு விழும். அடுத்த கட்டுரையில் ஏழு விழுந்தன. அதற்கடுத்ததில் இரண்டு.

பிறகு அவருடைய தாள்களை நானும் செக் பண்ண ஆரம்பித்தேன். அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய கடைசிக் கட்டுரை, குழாயில் தண்ணீர் வரும் நாளும் கம்பெனி ஷிப்டும் மோதும்போது வீட்டில் யார் லீவு போடுகிறார்கள் என்பதைப் பற்றியது. தன் மேசையில் வேலை பார்த்த பெண்களிடம் கேட்டார். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கணவர்களிடமும் கேட்டார்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: ‘பெண்கள் இதை விரும்பியே ஏற்கிறார்கள்.’ அம்பை ஒட்டிவிட்டு, “இது ஆரு சொன்னது?” என்றேன்.

குறிப்பெடுத்த நோட்டைப் புரட்டினார். “மாட்டிக்கிட்டனுங்ணா. அவங்க ஊட்டுக்காரங்க சொன்னது அது.”

அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: ‘பெண்கள் விரும்பியே ஏற்பதாகக் கணவர்கள் சொல்கிறார்கள். நான் பேசிய பெண்களில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.’ நான் படித்த மிக நல்ல இரண்டு வாக்கியங்கள் அவை.

எங்கள் செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பழுதைச் சரிசெய்தவர் அம்பை எடுக்கக்கூடாது. ஒட்டியவரே திருத்தத்தைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

திருத்திய பக்கத்தை அவர் அம்போடு என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன், “ஓகே” என்றேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கவரில் போட்டுக்கொண்டு போய் ஸ்டடி சென்டரில் கொடுத்துவிட்டேன்.

அம்பை எடுக்க மறந்துவிட்டேன்.

அந்த அம்பு, மதிப்பிடுபவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கவரில் இருந்த என் கட்டுரை தேறியது. நான் இன்று எம்.ஏ.

மறு வருடம் அவரிடம், “இன்னொருக்கா பணம் கட்டி எழுதிரலாமே அம்மிணி” என்றேன்.

“எழுதலாமுங்ணா. மொதல்ல நான் தப்புப் பண்ணலைன்னு அவுங்க எழுதட்டும். அப்பறம் நான் எழுதறன்.”

என்னை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நேற்று மதியம் அவருடைய மகள் போன் செய்தாள்.

“மாமா, ஃபிளக்ஸ் அடிக்கறவரு கேக்கறாருங்க. அம்மா பேருக்குப் பின்னால எம்.ஏ. போட்டுக்கலாமுங்களா? எல்லாரும் போடச் சொல்றாங்க.”

போடச் சொல்லத்தான் வாய் வந்தது. “வேண்டாம் கண்ணு” என்றேன். ஆதாரமில்லாத ஒரு வரியை ஜெயமணி யாருடைய தாளிலும் விட்டுவைத்ததில்லை.

இன்று காலை அந்த ஃபிளக்ஸைப் பார்த்தேன். வெறும் ஜெயமணி என்று இருந்தது.

போய் வாருங்கள், அம்மிணி.

தேர்வுப் பிரிவுக்கு: நான் பட்டம் கேட்கவில்லை. இரக்கமும் கேட்கவில்லை. அவருடைய பதிவேட்டிலிருந்து ‘முறைகேடு’ என்ற சொல்லை நீக்கிவிட்டதாக, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஒரே ஒரு வரி வேண்டும். கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். ஜெயமணியின் பெயருக்கே எழுதுங்கள், அவருடைய மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாள். வருகிற மாதம் பத்தாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள்.