அண்ணன் படகுக்கு ஒரு புரொப்பல்லர்

என் அண்ணனுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. நீச்சல் தெரியாது. அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு மோட்டார் படகு வாங்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. கேரளத்தில் காயலோரமாக ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி, பழுது பார்த்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். "ஊடு தண்ணிக்கரையில இருக்குது, படகு இல்லீன்னா எப்படீங்க?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். யாராவது பதில் சொல்வதற்குள் வாங்கியும் போட்டார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய படகு. பின்னால் தொங்கும் எஞ்சின், அறுபது குதிரைச் சக்தி.

என் கணவர் கோவை கணபதிப் பகுதியில் பம்ப் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீருக்குள் சுற்றுகிற எதுவும் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் சுற்ற வேண்டும் என்று நினைப்பவர். படகு வந்த வாரமே அண்ணனும் அவரும் கிளம்பிப் போய் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்தே எனக்குப் போன் வந்தது. "பறக்குது அம்மணி! நீ வந்து பாக்கோணும்." பின்னணியில் அண்ணன் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து வயது நூற்றுப் பத்துக்கு மேல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் அண்ணன் தன் சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் படகில் ஏற்றிக் காட்ட முடிவு செய்தார். நானும் கணவரும் போனோம். அண்ணன் மனைவியை நான் எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் ஆறு பேருக்குக் கட்டிய சாப்பாடு பன்னிரண்டு பேருக்குக் காணும். மூன்று தூக்குப்போசி, ஒரு ஐஸ்பெட்டி, ஒரு குடம் தண்ணீர். தண்ணீர் மேல் போகும்போது எதற்குக் குடத்தில் தண்ணீர் என்று கேட்டேன். "அதக் குடிக்க முடியுமா அம்மணி?" என்றார். சரிதான்.

எனக்குத் தலைசுற்றல் வரும் என்பதால் முன்னால், அண்ணன் பக்கத்தில், முட்கள் ஆடும் மீட்டர்களுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அண்ணன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "புடிச்சுக்கங்க!" என்று சொல்லி நெம்புகோலை முழுசாகத் தள்ளினார்.

படகு மூக்கைத் தூக்கியது. எங்களுக்கு வானம்தான் தெரிந்தது. எஞ்சின் ஏற்றத்தில் திணறும் லாரி மாதிரி முக்கியது. பின்பக்கம் தண்ணீருக்குள் குந்திக்கொண்டது. பெரிய அலையாகத் தண்ணீரை ஒதுக்கினோமே தவிர, முன்னால் போனதாகச் சொல்ல முடியாது. ஒரு பயணிகள் படகு பின்னால் வந்து, பக்கத்தில் வந்து, எங்களைத் தாண்டிப் போயிற்று. அதிலிருந்த பள்ளிக்கூடப் பெண்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். சம்பந்தியம்மா பதிலுக்குக் கை காட்டினார்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்துச் சம்பந்தி இரங்கினார். "மெதுவாப் போறதுதானுங்க நல்லது. நாலு பக்கமும் நிதானமாப் பாத்துட்டுப் போலாமுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் புரொப்பல்லர் பேச்சுத்தான். எஞ்சினின் அடியில் தண்ணீருக்குள் சுற்றும் அந்த மூன்று இறக்கை விசிறிக்கு இரண்டு அளவுகள் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இறக்கை நுனிகள் போடும் வட்டத்தின் அகலம் விட்டம். மற்றொன்று பிட்ச். அதை விளக்க என் கணவர், பொரியலுக்கு வைத்திருந்த வாழைத்தண்டை எடுத்து அதில் ஒரு பெரிய மரத் திருகாணியை முறுக்கினார்.

"பாரு, ஒரு சுத்துச் சுத்துனா இவ்வளவு தூரம் உள்ள போகுதில்ல? அதுதான் பிட்ச். நம்ம படகுல இருக்குறது பதினேழு இஞ்ச்."

"புரிஞ்சுதுங்க. இப்ப நாம எதைப் பொரியல் பண்றது?"

அண்ணனுக்கு ஒரு கட்சி, இவருக்கு ஒரு கட்சி. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போனால் அதிக வேகம் என்பது அண்ணன் கட்சி. பத்தொன்பது பிட்ச் போட வேண்டும் என்றார். விட்டத்தைக் கூட்டினால் அதிகத் தண்ணீரைத் தள்ளும், சுமை இழுக்கும் என்பது இவர் கட்சி. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் எங்களால் ரசத்தைத் தாண்ட முடியவில்லை. "மாப்ள, நீங்க பம்ப்பைப் பத்திப் பேசறீங்க" என்பார் அண்ணன். "மச்சான், நீங்க படகைப் பத்தியே பேசலீங்க" என்பார் இவர்.

அண்ணன் பத்தொன்பதை வாங்கி மாட்டினார். படகு முன்பைவிட மோசமாகக் குந்தியது. இவர் முகத்தில் தெரிந்த துக்கம் அவ்வளவு நம்பும்படியாக இல்லை. அடுத்து இவர் எங்கிருந்தோ பெரிய விட்டத்தில் ஒன்றைத் தேடிக் கொண்டுபோனார். அதை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியதுமே இறக்கை நுனி மேலே இருக்கும் தகட்டில் டங்கென்று இடித்தது. எஞ்சின் செய்தவன் விட்ட இடம் அவ்வளவுதான். இப்போது அண்ணன் துக்கப்பட்டார்.

அடுத்த வாரம் பட்டறையின் முன் அறையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் போன்களை எடுப்பதும் நான்தான். தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி, மோட்டார் முக்குது, வேகம் எடுக்க மாட்டேங்குது என்றார். பழகிய வாயால் கேட்டேன்: "ஆர்.பி.எம். வருதுங்களா? ஆம்ப்ஸ் எவ்வளவு இழுக்குதுங்க?" கேட்டு முடித்ததும் படகின் மீட்டர்கள் கண்ணுக்கு முன் வந்தன. அன்று எனக்கு எதிரே எஞ்சினின் சுற்றைக் காட்டிய முள் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டவே இல்லை. அதே மீட்டரில் ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை பச்சைக் கோடு போட்டிருந்தது.

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். "ஏனுங்க, ஒரு கஸ்டமர் மோட்டார் வேகம் எடுக்கலைன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"உள்ள தண்ணியத் தள்ளற இம்பெல்லர் பெருசு, லோடு தாங்கல. கடைஞ்சு சின்னது பண்ணோணும்."

"அப்ப அண்ணன் எஞ்சின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

அவர் கையிலிருந்த துணியால் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார். "மச்சான், நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறனுங்க" என்று தொடங்கினார். யார் யோசித்தது என்று நான் குறுக்கே பேசவில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிட்சில் ஒரு இஞ்ச் குறைத்தால் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமாராக இருநூறு சுற்று கூடுதலாக எடுக்கும் என்று கணக்குப் போட்டார். பச்சைக் கோட்டுக்குள் நன்றாக வர எண்ணூறாவது கூட வேண்டும், அதற்குப் பதினேழில் நாலு இஞ்ச் குறைக்க வேண்டும். அப்படியானால் பதிமூன்று. பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சில் ஒரு கடைக்காரர் கொடுத்தார். சோதித்துப் பார்க்க முழு பாரம் வேண்டும். சம்பந்தியை மறுபடி கூப்பிட அண்ணனுக்குத் தைரியமில்லை. நங்கையாவோ, ஓடுவதைக் கரையிலிருந்து பார்த்த பிறகுதான் ஏறுவேன் என்றுவிட்டார். வராதவர்களின் எடையைச் சொன்னால் போதும், அதற்கு ஈடாக எதையாவது ஏற்றலாம் என்று இவர் நங்கையாவிடமே அவர் எடையைப் போனில் கேட்டுவிட்டார்.

"அம்பதுன்னு போட்டுக்கங்க தம்பி" என்றார் நங்கையா.

இவர் தாளில் எழுதவில்லை.

அண்ணனிடம் இருப்பது தேங்காய். ஆகவே கேரளத்துக்கு ஒரு வண்டி நிறையத் தேங்காய் கொண்டுபோனோம். படகுத்துறையில் நின்றிருந்தவர்கள் மூட்டைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தே விட்டார்.

ஆளுக்கு இரண்டு மூட்டை என்று ஏற்றினார்கள். சம்பந்திக்கு இரண்டு, சம்பந்தியம்மாவுக்கு இரண்டு. நங்கையா முறை வந்தது. அண்ணன் இரண்டை வைத்துவிட்டு மூன்றாவதைத் தூக்கினார். கரையில் நங்கையா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தார்.

"மச்சான், நெசத்தை வெச்சுருங்க" என்றார் இவர் ரகசியமாக. "இல்லீன்னா பிட்ச் தப்பாப் போயிரும்."

ரகசியம் கரை வரைக்கும் கேட்டது. "மூணாவதை ஏத்துங்க, பரவால்ல" என்றார் நங்கையா. "அப்படியே நாளைக்கு உங்க மச்சான் சாப்புட்டுப்போட்டு ஏறுவாரல்லொ, அதுக்கும் சேத்து இன்னொண்ணு வையுங்க."

துறையிலிருந்தவர்களுக்குத் தமிழ் புரிந்துவிட்டது. அண்ணன் நாலாவதையும் ஏற்றினார்.

நான் பழைய இடத்தில் உட்கார்ந்து முள்ளைப் படித்தேன். மூக்கு தூக்கியது, எஞ்சின் குரல் ஏறியது, நாலாயிரத்து எண்ணூறு என்றேன். பிறகு படகு மூக்கைத் தாழ்த்தித் தண்ணீர் மேல் ஏறிக்கொண்டது. "ஐயாயிரத்து முந்நூறு!" என்று நான் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. காற்றில் அண்ணனின் கறுப்புக் கண்ணாடி பறந்து காயலில் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும், பிட்சைத்தான் மாற்ற வேண்டும் என்று முதல் நாளே தான் சொன்னதாக அண்ணன் சொன்னார். கூட்டச் சொன்னாரா குறைக்கச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. இவர் டேப்பை எடுத்துப் பழையதையும் புதியதையும் அளந்தார். பிட்ச் குறைந்த புரொப்பல்லருக்கு விட்டம் நூலளவு கூடுதலாக இருந்தது. அப்படித்தான் செய்வார்களாம். "நான் என்ன சொன்னனுங்க?" என்றார். அந்த நூலளவை இன்றுவரை விடவில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஆள் குறைவாக ஏறினால் இந்த எஞ்சின் பச்சைக் கோட்டைத் தாண்டி ஓடப் பார்க்கும். நெம்புகோலை முழுசாகத் தள்ளக் கூடாது. அண்ணனுக்கு அது பெரிய குறை.

"தனியாப் போனா வேகமாப் போக முடியாதுங்களா மாப்ள?"

இவர் பதில் சொல்வதற்குள் நங்கையா தூக்குப்போசியைத் திறந்துகொண்டே கேட்டார். "தனியா எங்கீங்க போறீங்க?"