கழற்ற முடியாத போன்

தி.நகர் செல்போன் கடையொன்றில்தான் அந்த ஆட்டோ ஓட்டும் பெண்ணைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, நரையோடிய தலை, நகக்கண்களில் கிரீஸ் கறை. கடைக்காரர் நீட்டிய ஒவ்வொரு போனையும் முகப்பைக்கூடப் பார்க்காமல் திருப்பி, பின்புறத்தையே தடவினார். திருகாணி தேடுகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

“இதுல எத நானே கயட்டி பேட்டரி மாத்தலாம், தம்பி?”

“எதுவும் முடியாதுக்கா. எல்லாம் பசை போட்டு ஒட்டினது. நீங்க தொறந்தா வாரண்டி போயிடும். சர்வீஸ் சென்டர்ல குடுத்தா ஒரு வாரத்துல தருவாங்க.”

“ஒரு வாரம் போன் இல்லன்னா எனக்கு சவாரி ஏது? போன தபா அப்டித்தான் வூட்ல குந்திக்கினு இருந்தேன். என் வண்டி இன்ஜினயே நான்தான் எறக்கி ஏத்துறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க பாத்து சொல்லுங்க. அப்டி ஒண்ணு கீதா?”

என் போனில் தேடினேன். வெளிநாட்டில் ஒன்று விற்கிறார்கள். விலை அவருக்கு எட்டாது, உதிரி பாகங்களும் இங்கே கிடைக்காது. சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். கோபம்கூட வரவில்லை.

கடைசியில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக்கொண்டார்.

“இது எத்தினி நாளு வரும்?”

“ரெண்டு வருஷம் ஓடும்க்கா.”

“அப்பறம்?”

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தப் பெண் பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

இப்போதும் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுத் தெருமுனையில் நிற்கும்போது, வருவது அவராக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொள்கிறேன்.