முன்னால் இருந்த சைபர்

எஸ்தர் போய்விட்டார். நேற்றே திண்டிவனத்தில் அடக்கமும் முடிந்துவிட்டதாம்... எனக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நியாயம்தான்.

இந்தக் குழுவில் கைகூப்பும் பொம்மை போடுபவர்கள் முழுவதும் படித்துவிட்டுப் போடவும்.

விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில் இருந்தோம். நான் கணிதப் பேராசிரியை. அவர் கம்ப்யூட்டர் லேபின் ஒப்பந்த ஊழியர். இரண்டாயிரத்து நான்கில், ரத்ததானம் செய்வோர் பட்டியலுக்கு ஒரு வெப் பேஜ் செய்யவேண்டி அவரிடம் ப்ரோக்ராமிங் கற்றுக்கொண்டேன்.

முதல் நாளே x = x + 1 என்று எழுதினார். என் மாணவிகள் அப்படி எழுதியபோதெல்லாம் சைபர் போட்டவள் நான்.

"இது சமன் இல்ல மேடம். பழைய x-ல ஒண்ணு கூட்டி, திரும்ப அதுலயே வைக்கறோம். வேரியபிள்னா மாறிக்கினேதான் இருக்கும்."

தொலைபேசிக்கான வேரியபிளை எண் வகையில் வைத்தேன். தடுத்தார்.

"எழுத்தா வையுங்க மேடம், ஸ்ட்ரிங்னு. போன் நம்பர யாராவது கூட்டிப் பாப்பாங்களா?"

"எது எண்ணுன்னு எனக்கே பாடமா?" என்றேன். விட்டுவிட்டார்.

ஆறு மாதம் கழித்து... எங்கள் அலுவலகத்துக் கலாவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ். பட்டியலில் ஒரே ஒருவர், திண்டிவனத்துக்காரர்.

கலாவின் அண்ணன் என் மேசை போனில் மூன்று முறை முயன்றார். "இன்னா மேடம், இப்படி ஒரு நம்பரே இல்லன்றான்! அங்க டாக்டர் கத்திக்கினு இருக்காரு, ஜல்தியா பாருங்க!"

எஸ்தர் லேபிலிருந்து ஓடி வந்தார். திரையை ஒரு தடவைதான் பார்த்தார்.

"முன்னால இருந்த சைபர் எங்க மேடம்?"

வெளியூர் எண்ணுக்கு முன்னால் போடும் எஸ்டிடி கோடு சைபரில் தொடங்கும். எண்ணாக வைத்தால் முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பில்லை. கம்ப்யூட்டர் அதை எறிந்துவிடும். உள்ளூர் எண்களுக்குக் கோடே வேண்டாம், அதனால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

சைபர் சேர்த்து அழைத்தார். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

அந்த மனிதர் பஸ்ஸில் வந்தார். விக்கிரவாண்டியில் லாரி நெரிசல் வேறு. கலா பிழைத்தார்.

மறுநாள் கல்லூரி முதல்வர் தம் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "யாரு பண்ண தப்பு இது?"

எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ப்ரோக்ராம் என்னுது சார்" என்றார் எஸ்தர்.

அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஓய்வு பெறும்வரை நானும் வாய் திறக்கவில்லை.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். போன் நம்பரை எண்ணாக வைத்த அந்த வரி எஸ்தருடையது அல்ல. நான் எழுதியது.

போய் வாருங்கள், எஸ்தர்.